ஒரு நல்ல விஷயம், ஐந்து வழிகள்: நண்பருக்கு எப்படிச் சொல்வது?

"அருமையான கட்டுரை ஒன்று படித்தேன். அனுப்பினால் ஒருத்தரும் திறப்பதில்லை. என்ன செய்வது?" இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. குழுவில் போடுவதா, தனியாக அனுப்புவதா? பிடித்த தொடரைப் பற்றி எத்தனை தடவை சொல்லலாம்? புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படிப்பார்களா, இல்லை அலமாரியில் தூங்குமா?

நானே இதில் சூடு பட்டவன்தான். ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'வை ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில், விளம்பரங்களும் நிகழ்ச்சிப் பட்டியலும் போக, மற்ற எல்லாப் பக்கமும் அந்த ஒரே கட்டுரைதான். அணுகுண்டிலிருந்து பிழைத்த ஆறு பேரின் கதை, சுமார் 30,000 சொற்கள். முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. லிங்க்கை எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டு, "கட்டாயம் படியுங்கள்" என்று எழுதினேன். இரண்டு நிமிடத்துக்குள் நான்கு கட்டைவிரல், ஒரு கும்பிடு. அடுத்து வந்தது ஒரு பூனை வீடியோ. அதோடு சரி.

அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுரையிலும் குறையில்லை. இரண்டு மணி நேரம் கேட்கிற ஒன்றை, இரண்டு விநாடிக்கு மேல் யாரும் நிற்காத இடத்தில் கொண்டுபோய் வைத்தது நான்தான். அதற்குப் பிறகு பல வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் எனக்குத் தேறிய கணக்கு இது: விஷயம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு குறுகலான வழியில் அது போக வேண்டும். சின்னதை ஊருக்கே சொல்லலாம். பெரியதை ஒருவரிடம்தான் சொல்ல முடியும்.

எதை வைத்து எடை போடுவது

வழிகளுக்குள் போகும் முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, திறப்பார்களா? இரண்டாவது, முடிப்பார்களா? இரண்டும் ஒன்றல்ல. திறந்து முதல் பத்தியோடு மூடியவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, நண்பர் பக்கச் செலவு. இதில் நேரம் மட்டுமில்லை. அந்தத் தொடர் இருக்கும் ஓடிடிக்கு அவரிடம் சந்தா இருக்கிறதா, சப்டைட்டில் படித்துக்கொண்டே பார்ப்பது அவருக்கு ஒத்துவருமா, இப்போது இருக்கிற மனநிலையில் அந்தக் கனம் தாங்குமா, எல்லாம் செலவுதான்.

நான்காவது, உங்கள் பக்கச் செலவு. எழுத வேண்டிய வரிகள், ஒதுக்க வேண்டிய சாயங்காலம், திரும்பி வராத புத்தகம்.

ஐந்தாவது, நழுவ இடம் இருக்கிறதா? பிடிக்கவில்லை என்றோ, பார்க்கவே இல்லை என்றோ முகம் சுளிக்காமல் விலகிக்கொள்ள நண்பருக்கு வழி இருக்க வேண்டும். பெரும்பாலோர் இதை யோசிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மதிப்பெண் அதிகம். நழுவ வழியில்லாத பரிந்துரை ஒரு வீட்டுப்பாடம்.

ஆறாவது, பிறகு பேச ஏதாவது மிஞ்சுமா? நாம் சொல்வதே பாதி அதற்காகத்தானே.

கேட்கிற நேரம் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒருவரிடம் ஒன்றைப் பரிந்துரைக்கும்போது அவர் நேரத்தைக் கடன் கேட்கிறோம். எவ்வளவு கேட்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை. நாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டோம், ரசித்துவிட்டோம், அதனால் அது நமக்குச் சின்னதாகத் தெரிகிறது.

ஆங்கிலத்தில் கதையல்லாத எழுத்தை மனசுக்குள் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019இல் மார்க் பிரிஸ்பேர்ட் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். அதன்படி பார்த்தால் 'ஹிரோஷிமா'வுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தமிழில் இந்த எண்ணை அப்படியே போட முடியாது. ஆங்கிலத்தில் நாலு சொல்லில் சொல்வதை நாம் ஒரே சொல்லில் ஒட்டிவிடுவோம். நிமிடத்துக்கு வரும் சொல் எண்ணிக்கை குறையும்.

படம் என்றால் கணக்கு சுலபம். குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடம், அதாவது மூன்றரை மணிக்கு மூன்று நிமிடம் குறைவு. தொடர்களில்தான் ஏமாறுகிறோம். 'செர்னோபில்' (2019) ஐந்து எபிசோடு, ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 'தி வயர்' (2002-2008) ஐந்து சீசன், 60 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அறுபது மணி நேரம் என்றால், தினம் எட்டு மணி வீதம் ஏழரை நாள் வேலை. "சும்மா ஒரு தடவை பாரேன்" என்று ஒருவரிடம் ஏழரை நாள் வேலையைத் தள்ளிவிடுகிறோம். இரண்டையும் 'நல்ல தொடர்' என்ற ஒரே பெயரில் சொல்வதும் நாம்தான்.

புத்தகத்தில் உச்சம் பார்க்க வேண்டுமானால், மகாபாரதத்தை ஜெயமோகன் நாவல் வரிசையாக எழுதிய 'வெண்முரசு' இருக்கிறது. 26 நாவல்கள், 25,000 பக்கத்துக்கு மேல். மணிக்கு முப்பது பக்கம் ஓடினாலும் எண்ணூறு மணி நேரம் தாண்டும். அதை ஒருவருக்கு எப்படிச் சொல்வது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

வழி 1: குழுவில் போடுவது

உங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை, பத்து விநாடி போதும். நண்பருக்கும் நழுவ ஏராளமாக இடம் உண்டு. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. இந்த இரண்டிலும் குழுதான் முதலிடம்.

ஆனால் அதே நழுவல்தான் அதன் நோயும். இருபது பேர் இருக்கும் குழுவில் ஒவ்வொருவரும் மற்ற பத்தொன்பது பேர் படித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். கட்டைவிரல் போட்டதும் அந்த விஷயத்தோடு கணக்கு தீர்ந்துவிட்டதாக ஒரு நிம்மதி. 'பார்த்தேன்' என்பதற்கும் 'படித்தேன்' என்பதற்கும் உள்ள தூரம் அந்தக் கட்டைவிரலில் மறைந்துபோகிறது.

மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஃபார்வர்டு செய்திகளால் நம் எல்லோருக்கும் கை பழகிவிட்டது, லிங்க் என்றால் தள்ளிவிட்டுப் போகிறோம். வாட்ஸ்அப் 2018இல் 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. 2019இல் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது என்றது. 2020இல், பலமுறை கைமாறி வந்த செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் என்று இறுக்கியது. அந்த நிறுவனமே கடிவாளம் போடும் அளவுக்குப் பெருகிய குவியலில்தான் உங்கள் அருமையான கட்டுரையும் போய் விழுகிறது. மேலே உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி இல்லாவிட்டால், அதை நீங்கள் படித்துவிட்டு அனுப்பினீர்களா, வந்ததைத் தள்ளிவிட்டீர்களா என்றே தெரியாது.

இன்னொன்று, தலைப்பைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். கட்டுரையைப் படித்தவர் யாரும் பேச ஆரம்பிக்கும் முன், படிக்காதவர் அதைப் பற்றி ஆறு செய்தி போட்டிருப்பார். பிறகு அந்தப் பக்கம் போகவே மற்றவர்களுக்கு மனசு வராது. முடிவு தெரிந்தவர் ஒருவர் வாய் தவறி முடிவைச் சொல்லிவிடுவதும் இங்கேதான்.

அப்போது குழு எதற்கு? பத்து நிமிடத்துக்குள் முடிகிற கட்டுரைக்கு, குறும்படத்துக்கு. அப்புறம், தேதி முடியப்போகிறவற்றுக்கு: "இந்தப் படம் இந்த வாரத்தோடு போகிறது" என்ற செய்தி குழுவில் நன்றாக வேலை செய்யும். எல்லோரும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தோடு நேரடியாக ஒட்டுகிற ஒன்றுக்கும் சரி. மற்றதற்கு வேண்டாம்.

வழி 2: தனிச்செய்தி

என் ஓட்டு இதற்குத்தான், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வெறும் லிங்க்கைத் தனியாக அனுப்பினால் அது ஒரே ஆள் இருக்கிற குழு, அவ்வளவுதான். வித்தியாசம் கூடவே வரும் மூன்று நான்கு வரியில் இருக்கிறது. போன வருஷம் ஒரு தோழிக்கு நான் அனுப்பியது:

"அந்தக் காலத்துல ஆளுங்க வேலையை எப்படித்தான் செஞ்சாங்கன்னு யாருமே எழுதறதில்லைன்னு போன வாரம் சொன்னியே, அதுக்குப் பதில் மாதிரி ஒண்ணு கிடைச்சது. கலங்கரை விளக்கத்துல வேலை பார்த்தவங்களைப் பத்தின கட்டுரை. நாற்பது நிமிஷம் ஆகும். முதல் கால்வாசி கொஞ்சம் இழுக்கும், புயல் வர்ற இடத்துல பிடிச்சுக்கும். பிடிக்கலேன்னா விட்டுடு, நான் கேட்க மாட்டேன்."

இதில் நான்கு வேலை நடக்கிறது. ஏன் உனக்கு என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. அவள் சொன்ன ஒன்று என் காதில் விழுந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரிகிறது. எவ்வளவு நேரம் என்று சொல்லியாகிவிட்டது. எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தாயிற்று. அந்த இடத்தில் சலிப்பு வந்தால், இதைத்தான் சொன்னான் என்று தாண்டிப் போவாள். கடைசி வரி நழுவுவதற்கான கதவு.

'அருமை', 'மிஸ் பண்ணிடாதே', 'வாழ்க்கையே மாறிடும்' எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். புகழ்ச்சி கூடினால் எதிர்பார்ப்பு கூடும். எதிர்பார்ப்பு கூடினால் நல்ல படமும் சுமாராகத் தெரியும். உங்களுக்குக் கிடைத்த ஆச்சரியத்தை அவருக்குக் கிடைக்காமல் செய்வது பல சமயம் உங்கள் பாராட்டுதான்.

இனி மறைமுகச் செலவு. முதலாவது, கடன் உணர்ச்சி. தனியாக வந்த செய்திக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நண்பர் நினைப்பார். பத்து நாள் கழித்து நீங்கள் வேறு எதற்கோ பேசினாலும், "அடடா, அந்தக் கட்டுரையை இன்னும் படிக்கலை" என்று அவரே மன்னிப்புக் கேட்பார். "பார்த்தியா?" என்று ஒரு தடவை கேட்டால் அது நினைவூட்டல், இரண்டாவது தடவை வசூல். நான் ஒரு தடவைகூடக் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன், எப்போதும் முடிகிறது என்று சொல்லவில்லை.

இரண்டாவது செலவு கொஞ்சம் வலிக்கும். தனியாக அனுப்பியதை 'இவன் எனக்கு என்னவோ சொல்ல வருகிறான்' என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மறதி நோய் வந்த ஒரு அப்பாவைப் பற்றிய படத்தை நண்பன் ஒருவனுக்குச் சொன்னேன். நடிப்பைப் பற்றி எழுதினேன், வீடு மெல்ல மெல்ல அந்நியமாகிற விதத்தைப் பற்றி எழுதினேன். அவன் அப்பாவுக்கு அதே நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. 'சரிடா' என்று மட்டும் அனுப்பினான். பிறகு வேறொருவர் வழியாகத் தெரிந்தபோது மன்னிப்புக் கேட்கவும் தயக்கமாக இருந்தது. அன்றிலிருந்து நோய், சாவு, பிரிவு, குழந்தை இழப்பு இதெல்லாம் கதையின் மையமாக இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கெட்டுப்போகுமே என்றால், கெடட்டும்.

எப்போது சிறந்தது? அரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை கேட்கிற எதற்கும். நெடுங்கட்டுரை, படம், மூன்று நான்கு எபிசோடில் முடியும் ஆவணத்தொடர். மாதத்துக்கு ஒருவருக்கு ஒன்று, அதற்கு மேல் போனால் நீங்களே ஒரு குழுவாகிவிடுவீர்கள்.

வழி 3: பட்டியல்

யாரையும் தொந்தரவு செய்யாமல், 'நான் ரசித்தவை இவை' என்று ஒரு இடத்தில் எழுதி வைப்பது. பகிர்ந்துகொள்ளும் ஒரு கோப்பாக இருக்கலாம். புத்தகத்துக்கு 2007இல் தொடங்கிய குட்ரீட்ஸ், படத்துக்கு 2011இல் வந்த லெட்டர்பாக்ஸ்டு மாதிரித் தளமாகவும் இருக்கலாம். நண்பருக்கு வேண்டும்போது அவரே வந்து எடுத்துக்கொள்வார். நழுவும் இடத்துக்கு முழு மதிப்பெண்.

சிக்கல் என்னவென்றால், வந்து பார்ப்பவர் குறைவு. பார்ப்பவரும் 140 பெயர்களைக் கண்டதும் மலைத்துவிடுவார். நீண்ட பட்டியல் நண்பருக்கு உதவுவதில்லை, எழுதியவரின் ரசனைக்குக் கண்காட்சி நடத்துகிறது. என் பட்டியலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. யாரும் கேட்காத பல படங்கள் அதில் ஏறியதற்குக் காரணம், நான் அதைப் பார்த்தவன் என்று தெரிய வேண்டும் என்பதுதான். இப்போது பன்னிரண்டுதான். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும், 'யாருக்கு' என்ற ஒரு குறிப்பும்.

நட்சத்திரம் போடுவதில்லை. இதற்கு ஒரு கதை உண்டு. 2006இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி வைத்தது: ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்று தன் நிரல் ஊகிப்பதைவிட 10 சதவீதம் துல்லியமாக ஊகிப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர். மூன்று ஆண்டு பலர் முட்டி மோதி, 2009இல் ஒரு குழு பரிசை வாங்கியது. ஆனால் வென்ற அந்த முழு முறையை நெட்ஃபிளிக்ஸ் பயன்பாட்டுக்கே கொண்டுவரவில்லை. 2017இல் நட்சத்திரத்தையே தூக்கிவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறிவிட்டது. நாம் எதை மதிக்கிறோம் என்பதும், இன்று ராத்திரி களைத்துப்போய் உட்காரும்போது எதைப் பார்க்கிறோம் என்பதும் வேறு வேறு. கனமான ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்போம், போய்ப் பார்ப்பது சிரிப்புப் படத்தை. பட்டியலில் உங்கள் ஐந்து நட்சத்திரத்தால் நண்பருக்கு ஒன்றும் தெரியாது. 'தனியாகப் பார்க்க வேண்டியது, ஞாயிறு மதியம் சரிப்படும்' என்ற குறிப்பால் தெரியும்.

மறைமுகச் செலவில் இன்னொன்று, பட்டியல் இருக்கும் இடம் நம்முடையது இல்லை. 'பிறகு படிக்க' என்று கட்டுரைகளைச் சேர்த்து வைக்க 2007 முதல் பலர் பயன்படுத்திய பாக்கெட் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டது. எனக்கு அதில் பெரிய இழப்பு இல்லை; சேர்த்தவற்றில் முக்கால்வாசி நானே படிக்காதவை. ஆனாலும் பட்டியலின் ஒரு நகலை வெறும் எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் யாருக்கு? "ஏதாவது நல்லதா சொல்லு" என்று அடிக்கடி, பல பேர் கேட்கும் ஆளாக நீங்கள் இருந்தால். ஒவ்வொரு தடவையும் யோசிக்காமல் அதை அனுப்பிவிடலாம். நீங்களாகத் தள்ள நினைப்பதற்குப் பட்டியல் உதவாது.

வழி 4: கையில் கொடுப்பது

புத்தகத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நெடுங்கட்டுரையை ஏ4 தாளில் அச்செடுத்து, ஓரத்தில் கிளிப் போட்டு ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். குழுவில் கட்டைவிரல் போட்ட அதே நண்பர்களில் ஒருவருக்கு 'ஹிரோஷிமா'வைப் பின்னால் அப்படித்தான் கொடுத்தேன். தடிமனான கட்டு. போனில் படித்தால் நடுவில் ஏழு அறிவிப்பு வரும், தாளில் வராது. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது மூன்று இடத்தில் பென்சில் கோடு. அதில் ஒரு கோடு நான் கவனிக்காமலே தாண்டிப்போன வரிக்கு. அன்று பேசியது ஒன்றரை மணி நேரம் இருக்கும்.

பொருள் கண்ணில் படுகிறது என்பதுதான் இந்த வழியின் பலம். லிங்க் கீழே கீழே போய் மறைந்துவிடும், புத்தகம் மேஜையிலேயே கிடக்கும். பலவீனமும் அதுவேதான். படிக்காத புத்தகம் தினமும் முறைத்துக்கொண்டிருக்கும். நண்பர் வீட்டுக்கு நீங்கள் போனால் உங்கள் கண் முதலில் அந்த அலமாரிக்குப் போகும், அவருக்கும் அது தெரியும். ஆறு மாதம் ஆனபின் புத்தகத்தைத் திருப்பித் தருவதா, படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதா என்ற சங்கடத்தில் சிலர் நம்மையே தவிர்ப்பார்கள். ஒரு நாவலுக்காக நட்பு இளைத்துப்போன கதை என்னிடமும் ஒன்று இருக்கிறது.

இதற்கு ஒரு வைத்தியம்: இரவலா, அன்பளிப்பா என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது. இரவல் என்றால் "அவசரமில்லை, ஆனா இது திரும்ப வேணும்". அன்பளிப்பு என்றால் "திரும்ப வேண்டாம், படிக்கலேன்னா வேற யாருக்காவது கொடுத்துடு". இரண்டும் இல்லாத மௌனத்தில்தான் வம்பு. உங்கள் அடிக்கோடுகள் நிறைந்த பிரதியைக் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். எங்கே வியக்க வேண்டும் என்று விரல் நீட்டிக்கொண்டே கூட நடப்பது மாதிரி இருக்கும். மின்னூல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது; பூட்டுப் போட்ட கோப்பைக் கைமாற்ற முடியாது.

ஏற்கெனவே படிக்கிற பழக்கம் உள்ளவருக்கு, முந்நூறு பக்கத்துக்குள் இருக்கும் புத்தகத்துக்கு, இதைவிட நல்ல வழி இல்லை. படிக்கிற பழக்கம் விட்டுப்போனவருக்குப் புத்தகமாக வேண்டாம். அச்செடுத்த கட்டுரை போதும்.

வழி 5: கூட உட்காருவது

முடிப்பார்களா என்ற கேள்விக்கு இதில் மட்டும்தான் ஏறக்குறைய உத்தரவாதம் உண்டு. 'செவன் சாமுராய்' மாதிரி நீளமான, பழைய, கறுப்பு வெள்ளைப் படத்தை ஒருவர் தனியாகப் போட்டுப் பார்ப்பது அபூர்வம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் பார்ப்பார். படத்திலேயே இடைவேளை உண்டு, எழுந்து கால் நீட்டிக்கொள்ளலாம். முடிந்த கையோடு பேச்சும் தொடங்கிவிடும்.

ஆனால் நழுவ இடம் பூஜ்யம். பிடிக்காவிட்டாலும் மூன்றரை மணி நேரம் அவர் மாட்டிக்கொண்டார். இன்னொரு கஷ்டம் உங்களிடமே இருக்கிறது: நீங்கள் படத்தைப் பார்க்க மாட்டீர்கள், அவர் முகத்தைப் பார்ப்பீர்கள். "இப்போ வருது பாரு" என்பீர்கள். அவர் போனை எடுத்தால் உங்களுக்குப் பொசுக்கென்று இருக்கும். அவருக்கு அது ஒரு தேர்வு எழுதும் அறை. எனக்கு இந்த வியாதி முற்றிப்போய், இப்போதெல்லாம் நான் ஒரு தடவை மட்டும் பார்த்த படத்தைத்தான் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். நாலு தடவை பார்த்ததற்கு நான் நல்ல துணை இல்லை.

நீண்ட தொடருக்கு இந்த வழியைப் பாதியாகப் பயன்படுத்தலாம். முதல் எபிசோடை மட்டும் சேர்ந்து பாருங்கள். பிறகு அவர் பாடு. "மூணாவது சீசன்ல சூடு பிடிக்கும், பொறுத்துக்கோ" என்று சொல்ல வேண்டியிருந்தால், அந்தத் தொடரை அவருக்குச் சொல்லவே வேண்டாம் என்று நான் நினைக்கிறேன். இருபது மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இனி அந்த எண்ணூறு மணி நேரக் கேள்வி. 'பொன்னியின் செல்வன்' இன்று ஐந்து பாகம், கையில் எடுத்தாலே கனக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்தபோது அதை யாரும் ஐந்து பாகமாக யாருக்கும் சொல்லவில்லை. இந்த வார அத்தியாயத்தைத்தான் சொன்னார்கள். 'வெண்முரசு'ம் 2014 முதல் 2020 வரை இணையத்தில் தினம் ஒரு அத்தியாயமாகவே வந்தது. மலையை யாரும் கையில் கொடுக்கவில்லை, தினம் ஒரு கல். அதே மாதிரி, பெரிய நாவலை ஒரு நண்பரோடு வாரத்துக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு படித்து, ஞாயிறு கால் மணி நேரம் போனில் பேசினால் போதும். பாதியில் விட்டால் இருவருமே விட்டதாக இருக்கட்டும் என்று முதலிலேயே ஒப்பந்தம். ஒரு தடவை அப்படித்தான் இருவருமாக விட்டோம். ஒரு வருத்தமும் இல்லை.

ஒரே பார்வையில்

| | குழு | தனிச்செய்தி | பட்டியல் | கையில் கொடுப்பது | கூட உட்காருவது |
|---|---|---|---|---|---|
| திறப்பார்களா | அரிது | பெரும்பாலும் | அவர்களே தேடி வந்தால் | ஆம், ஆனால் தாமதமாக | உறுதி |
| முடிப்பார்களா | மிகக் குறைவு | பாதிக்குப் பாதி | வந்தவர் முடிப்பார் | பழக்கத்தைப் பொறுத்து | ஏறக்குறைய உறுதி |
| நண்பர் செலவு | இல்லை | கொஞ்சம் கடன் உணர்ச்சி | இல்லை | கண்ணெதிரே கிடக்கும் சுமை | ஒரு முழு மாலை |
| உங்கள் செலவு | பத்து விநாடி | யோசித்து எழுதும் நான்கு வரி | தொடர்ந்த பராமரிப்பு | பிரதி போகலாம் | ஒரு முழு மாலை |
| நழுவ இடம் | தாராளம் | நீங்கள் கொடுத்தால் உண்டு | தாராளம் | குறைவு | இல்லை |
| பிறகு பேச்சு | படிக்காதவரின் சண்டை | நன்றாக வரும் | அபூர்வம் | ஆழமாக வரும் | அங்கேயே தொடங்கும் |
| ஏற்ற நீளம் | 10 நிமிடம் வரை | அரை மணி முதல் 3 மணி | எதுவும் | 300 பக்கம் வரை | 3 மணிக்கு மேல், அல்லது பகுதி பகுதியாக |

இந்தக் கட்டங்கள் என் நண்பர்களை வைத்து நான் போட்டவை. உங்கள் ஆட்கள் வேறு மாதிரி இருக்கலாம்.

கணக்கில் அடங்காத சில சூழ்நிலைகள்

உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பவர், புதிதாகக் குழந்தை பெற்றவர்: நீளமான எதையும் சொல்லாதீர்கள். இருபது நிமிட எபிசோடு உள்ள, எங்கே விட்டாலும் பாதகமில்லாத தொடர் ஒன்றின் பெயரை மட்டும் ஒரு வரியில் அனுப்பினால் போதும்.

ரசனை தெரியாத புது நண்பர்: சொல்லாமல் கேளுங்கள். "கடைசியா முழுசா பார்த்தது எது, பாதியில விட்டது எது?" என்ற இரண்டு கேள்வி. இரண்டாவதற்கு வரும் பதில்தான் அதிகம் சொல்லும். வன்முறை தாங்காமல் விட்டாரா, மெதுவாகப் போகிறது என்று விட்டாரா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நீங்களே முடிக்காத ஒன்றைச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் முடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நான் ரெண்டாவது சீசன்ல இருக்கேன், நீயும் வர்றியா?" என்பது முடித்துவிட்ட ஒருவர் மேலிருந்து கூப்பிடுவதைவிட நல்ல அழைப்பு.

அப்புறம், நண்பர்கள் உங்களுக்குச் சொன்னவை என்ன ஆயின என்று ஒருமுறை பழைய செய்திகளில் தேடிப் பாருங்கள். இதை எழுதும்போது நான் பார்த்தேன். பதில் சொல்லாமல் கிடப்பவை ஏழு. அதில் இரண்டுக்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறேன். ஒன்று 62 எபிசோடு.